முட்டையில்லா மயோனைஸ்: கொண்டைக்கடலைத் தண்ணீரா, சோயாப் பாலா, பட்டாணித் தூளா?

புரட்டாசி பிறக்க மூன்று வாரம் இருக்கும்போதே எனக்கு இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் புரட்டாசி என்றால் மாதம் முழுக்க மீன், கறி, முட்டை எதுவும் வீட்டுக்குள் வராது. ஆனால் உருளைக்கிழங்கு சாலட்டும் கோல்ஸ்லாவும் வராமல் இருக்குமா? கோயில் மண்டபத்தில் பிரியாணிக்குப் பக்கத்தில் அந்த வெள்ளைக் கிண்ணம் இல்லையென்றால், “என்ன, சாலட் கிடையாதா?” என்று ஒரு பெரியம்மா கேட்டே தீருவார்.

போன வாரம் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தங்கை அழைத்தாள். “அண்ணா, கடலைத் தண்ணியில அடிச்சேன், நல்லா வந்துச்சு. மாமியார் வீட்டுக்குக் கொண்டு போறதுக்குள்ள தண்ணியா போச்சு. இப்போ பாட்டில்ல போட்டு விக்கலாம்னு இருக்கேன். சோயாப் பால் நல்லதா, பட்டாணிப் புரோட்டீன் நல்லதா, எதை வாங்கட்டும்?” ஒரே மூச்சில் இரண்டு கேள்வி. மாமியார் வீட்டுக் கிண்ணத்துக்கு ஒரு பதில், விற்பனை பாட்டிலுக்கு வேறு பதில். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலரும் வீணாகப் பணம் செலவழிக்கிறார்கள்.

புரட்டாசி மட்டும் காரணமில்லை. 2023 கடைசியில் பறவைக் காய்ச்சல் வந்து தென்னாப்பிரிக்கா முழுக்க முட்டைக்குத் தட்டுப்பாடு வந்தது. விரதம் இருக்காதவர்களும் அப்போதுதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள்.

## முதலில், கிண்ணத்துக்குள் என்ன நடக்கிறது

எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றி அடித்தால் துளித்துளியாக உடையும், நிறுத்தினால் திரும்பச் சேர்ந்துவிடும். அந்தத் துளிகளைச் சுற்றி ஒரு தோல் போர்த்திவிட்டால் சேராது. அப்படித் தோல் போர்த்திய துளிகள் நீருக்குள் மிதக்கும் கலவையைத்தான் பால்மம் என்கிறோம். பாலும் பால்மம்தான், மயோனைஸும் பால்மம்தான். மயோனைஸில் எண்ணெய் மிக அதிகம், அவ்வளவே வேறுபாடு.

முட்டை மஞ்சள் கரு இந்த வேலைக்கென்றே பிறந்த பொருள். அதில் சுமார் 16 விழுக்காடு புரதம் இருக்கிறது, கூடவே எண்ணெயையும் நீரையும் சேர்த்துப் பிடிக்கும் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளும் இருக்கிறது. (லெசித்தினை 1840களில் முதலில் பிரித்தெடுத்ததே மஞ்சள் கருவிலிருந்துதான்.) இரண்டும் பின்னிப் பிணைந்து துளியைப் போர்த்தும். தாவரப் புரதத்துக்கு அந்த அளவு லெசித்தின் துணை கிடையாது. அது தனியாக எண்ணெய்த் துளியின் மேல் ஒட்டி, மடிப்பு பிரிந்து, எண்ணெயை விரும்பும் பக்கத்தை உள்ளேயும் நீரை விரும்பும் பக்கத்தை வெளியேயும் வைத்துப் படலம் போட வேண்டும். போடும், ஆனால் நிபந்தனையோடு.

அந்த நிபந்தனைதான் இந்தக் கட்டுரையே. புரதம் வேலை செய்யக் கரைந்திருக்க வேண்டும். பருப்புப் புரதங்கள் பெரும்பாலும் பிஎச் 4.5 பக்கத்தில் கரைய மறுக்கும். (பிஎச் என்பது புளிப்பை அளக்கும் எண். எண் குறையக் குறையப் புளிப்பு ஏறும்.) அந்த இடத்தில் அவற்றின் மின்னேற்றம் ஏறக்குறைய பூஜ்யம். ஒன்றையொன்று தள்ளாமல் கட்டிக்கொண்டு திரிதிரியாகும். சோயாப் பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிவது இதனால்தான். மயோனைஸோ புளிப்புப் பொருள். நாக்குக்குப் பிடிக்கும் புளிப்பும், கிருமியை அடக்கும் புளிப்பும் 3.6 முதல் 4.2 வரை. அதாவது புரதம் முரண்டு பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்து வீட்டில்தான் நாம் குடியிருக்கப் போகிறோம்.

ஆகவே “எந்தப் பருப்பு?” என்பது இரண்டாவது கேள்வி. “எவ்வளவு புளிப்பு, எத்தனை நாள்?” என்பது முதல் கேள்வி.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

ஐந்து அளவுகோல் வைத்திருக்கிறேன். ஒரே எடை போடவில்லை, முதல் இரண்டும் மற்ற மூன்றுக்கும் சமம்.

புளிப்புக்குத் தாங்குமா? வினிகரை விட்டதும் படலம் நிற்கிறதா, அல்லது சொரசொரப்பாகிறதா? அதோடு, பிஎச் 4க்குக் கீழே இறக்க எவ்வளவு வினிகர் கேட்கிறது? புரதம் தானே அமிலத்தை உறிஞ்சும். புரதம் அதிகமானால் வினிகரும் அதிகமாக வேண்டும். இதை யாரும் பாட்டிலில் எழுதுவதில்லை.

எத்தனை நாள், எந்தச் சூட்டில்? டர்பன் ஜனவரி வெயிலில் காரின் பின்பெட்டியில் ஒரு மணி நேரம் இருந்த கிண்ணமும் பிரிட்ஜில் பத்து நாள் இருந்த பாட்டிலும் இரண்டு வேறு தேர்வு. மின்வெட்டுக் காலத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டதை நாம் பார்த்தோம்.

சுவையும் நிறமும். பச்சைப் பருப்பு வாடை, சாம்பல் நிறம், நாக்கில் மணல்.

ஒவ்வாமை. 2010இல் வந்த தென்னாப்பிரிக்க உணவு லேபிள் விதிகளில் முட்டை, பசும்பால், வேர்க்கடலை, சோயா, முந்திரி, பாதாம் போன்ற மரக்கொட்டைகள், கோதுமை வகைத் தானியங்கள், மீன், நண்டு-சிப்பி வகை ஆகியவை பொது ஒவ்வாமைப் பொருள்கள். சோயா அந்தப் பட்டியலில் இருக்கிறது. கொண்டைக்கடலையும் பட்டாணியும் இல்லை.

கடைசியாகக் காசு. இதில் பொருளின் விலையைவிட மறைவுச் செலவுதான் பெரிது.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாவற்றுக்கும் சூரியகாந்தி எண்ணெயையே எடுத்துக்கொண்டேன். இந்த நாட்டில் அதுதான் வீட்டு எண்ணெய், பிரிட்ஜில் உறையாது. மேற்கு கேப்பில் விளையும் கனோலாவும் சரி. ஆலிவ் எண்ணெய் குளிரில் உறைந்து படலத்தைக் குத்திக் கிழிக்கும், பிளெண்டரில் அடித்தால் கசக்கவும் செய்யும். நல்லெண்ணெய் குளிரில் உறையாது, ஆனால் சாலட் இட்லிப் பொடி வாசம் அடிக்கும். எனக்கு அது பிடிக்கும். என் பிள்ளைகளுக்குப் பிடிக்காது.

## கொண்டைக்கடலை வேகவைத்த நீர்

2014இல் பிரான்சில் ஜோயல் ரோசெல் என்பவர் கடலை டின் தண்ணீரை அடித்தால் முட்டை வெள்ளைபோல் நுரைக்கிறது என்று காட்டினார். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் கூஸ் வோல்ட் என்பவர் அதற்கு ‘அக்வாஃபாபா’ என்று பெயர் வைத்தார். நம் வீட்டில் சுண்டல் செய்த பின் கொட்டிக்கொண்டிருந்த தண்ணீருக்கு லத்தீன் பெயர் கிடைத்தது.

இதில் புரதம் 1 முதல் 1.5 விழுக்காடுதான். பெரும்பகுதி தண்ணீர், கூடவே கொஞ்சம் மாவுச்சத்தும் சர்க்கரையும் சபோனினும். சோப்புக்காயை நுரைக்கவைக்கும் அந்தச் சபோனினும் இது நுரைப்பதற்கு ஒரு காரணம். இந்தக் குறைந்த புரதமே புளிப்பு விஷயத்தில் இதன் பலம். உறிஞ்சப் புரதம் இல்லாததால் ஒரு மேசைக்கரண்டி வினிகரிலேயே நல்ல புளிப்பு ஏறிவிடும். திரியவும் பெரிதாக ஒன்றும் இல்லை.

அளவு: கடலை நீர் 60 மி.லி., எண்ணெய் 250 மி.லி., வினிகர் 15 மி.லி., கடுகு விழுது ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. குறுகிய ஜாடி, ஸ்டிக் பிளெண்டர். பிளெண்டரை அடியில் வைத்து, அசைக்காமல் அடித்து, வெள்ளை மேலே ஏறி வருவதைப் பார்த்து மெல்லத் தூக்க வேண்டும். அகலப் பாத்திரத்தில் அடித்துவிட்டு “வரவில்லை” என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

பலவீனம் படலத்தில். மெல்லிசு, சூட்டைத் தாங்காது. இதை நான் சாட்ஸ்வொர்த்தில் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை ஐந்து லிட்டர் செலவில் கற்றுக்கொண்டேன். மயோனைஸ் காலையில் கத்தி நிறுத்தினால் நிற்கும் பதத்தில் இருந்தது. நேரமாகிறதே என்று உருளைக்கிழங்கை ஆறவிடாமல், ஆவி பறக்கும்போதே கொட்டிக் கிளறினேன். இரண்டு நிமிடத்தில் ஒவ்வொரு கிழங்குத் துண்டைச் சுற்றியும் மஞ்சளாக ஒரு எண்ணெய் வளையம். மேலே கொத்தமல்லி தூவி மறைக்கப் பார்த்தேன். அடியில் எண்ணெய் குளம். சாப்பிட்டவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, எண்ணெய்க் கறிக்குப் பழகிய நாக்கு. ஆனால் சமையற்கட்டில் என்னோடு நின்ற அக்கா, “தம்பி, இது சாலட்டா, தாளிப்பா?” என்று கேட்டார். ஃபீனிக்ஸ் தங்கையின் கிண்ணம் தண்ணீரானதும் இதே கதைதான். காரில் சூடு, மேலே குலுக்கல்.

மறைவுச் செலவு, சீரின்மை. ஒரு டின்னின் நீர் இன்னொன்று போல் இராது. ஒன்றில் உப்பு, ஒன்றில் வேறு சேர்மானம். வீட்டில் வேகவைத்தால் ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, வேகவைத்த நீரை மட்டும் எடுத்து, முட்டை வெள்ளை போல் வழவழக்கும்வரை சுண்டவைக்க வேண்டும். அந்த கேஸ் செலவைக் கணக்கில் சேருங்கள். இன்னொன்று: ஐந்து லிட்டர் மயோனைஸுக்கு ஒரு லிட்டர் கடலை நீர் வேண்டும், அதற்குப் பின் மிஞ்சும் மலைபோன்ற கடலையை என்ன செய்வீர்கள்? எங்கள் வீட்டில் ஒரு வாரம் சுண்டல் ஓடியது.

ராஜ்மா வகையான ஷுகர் பீன்ஸ் நீரிலும் வருமா என்று கேட்கிறார்கள். வரும். நிறம் அழுக்குத் தண்ணீர் போல் இருக்கும்.

யாருக்கு? அன்றே செய்து, குளிரவைத்து, அன்றே சாப்பிடும் வீட்டுக்கு. சோயா ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கும் வீட்டுக்கு. நல்ல சுத்தமான சுவையும் இதில்தான். விற்பனைக்கு வேண்டாம்.

## சோயாப் பால்

அவசரத்துக்கு இதைவிட எளிது இல்லை. பெட்டியைத் திற, 120 மி.லி. ஊற்று, 240 மி.லி. எண்ணெயை அடி. முதலில் கஞ்சி போல் தளர்வாக இருக்கும், பயப்பட வேண்டாம். கடைசியில் 20 மி.லி. வினிகர் விட்டதும் கண் முன்னே கெட்டியாகும்.

இந்த நொடி எனக்கு ஒவ்வொரு முறையும் வேடிக்கை. மேலே சொன்ன அதே குறை இங்கே உதவியாக மாறுகிறது. அமிலம் பட்டதும் சோயாப் புரதம் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு மெல்லிய வலை பின்னுகிறது. துளிகள் அந்த வலையில் மாட்டிக்கொள்கின்றன. தயிர் உறைவது போலத்தான். ஆனால் தயிர் நாள் ஆக ஆக நீர் விடும் இல்லையா? இதுவும் விடும். மூன்றாம் நாள் ஓரத்தில் மெல்லிய நீர்க்கோடு, ஐந்தாம் நாள் கரண்டி போட்ட குழியில் குட்டை.

பெட்டியில் புரதம் 100 மி.லி.க்கு 3 கிராமாவது இருக்க வேண்டும். பாதாம் பால், ஓட்ஸ் பால் இந்த வேலைக்கு உதவாது, அவற்றில் புரதம் போதாது. சர்க்கரையும் வெனிலாவும் சேர்த்த சோயாப் பாலை அவசரத்தில் வாங்கிவந்து மயோனைஸ் செய்தவர்களை எனக்குத் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன். கால்சியம் சேர்த்தது சில நேரம் சொரசொரக்கும். எதுவும் சேர்க்காத சாதாரணப் பெட்டியே நல்லது.

புளிப்பு விஷயத்தில் இது நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளை. 20 மி.லி. வினிகரில் பிஎச் 4.2 பக்கத்தில்தான் நிற்கும், அதாவது சோயாப் புரதம் கரைய விரும்பாத எல்லைக்கு அருகே. இன்னும் வினிகர் விட்டால் பாதுகாப்பு கூடும், நாக்கு கூசும். அதனால் இதை நான் நீண்ட நாள் வைக்கும் பொருளாக நினைப்பதே இல்லை.

சுவையில் மெல்லிய பருப்பு வாடை உண்டு. பச்சை மிளகாய், கொத்தமல்லி, கறிப் பொடி சேர்த்தால் தெரியாது. ரொட்டி ரோலுக்குள் தடவினால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். வெறும் கோல்ஸ்லாவில் கண்டுபிடிப்பார்கள்.

மறைவுச் செலவு மக்கள் மனதில். சோயா ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கிறது, லேபிளில் சொல்லியே ஆக வேண்டும். இங்கே விளையும் சோயாவில் மிகப் பெரும்பகுதி மரபணு மாற்றப்பட்டது. சிலர் அதைக் கேட்பார்கள், பதில் தயாராக வைத்திருங்கள். மற்றபடி ஒரு பெட்டி, ஒரு எண்ணெய் பாட்டில், பத்து நிமிடம்.

## பட்டாணிப் புரதத் தூள்

தொழிற்சாலைகள் இதன் பக்கம் வந்ததற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் ‘ஜஸ்ட் மேயோ’ என்ற முட்டையில்லா மயோனைஸ் மஞ்சள் பட்டாணிப் புரதத்தால்தான் நின்றது. ‘மேயோ’ என்று பெயர் வைத்தது தவறு என்று 2014இல் யூனிலீவர் வழக்குப் போட்டு, அதே டிசம்பரில் திரும்பப் பெற்றது. பட்டாணிக்கு இவ்வளவு மரியாதை கிடைத்தது சுவைக்காக அல்ல. சோயா போல் கட்டாய ஒவ்வாமை அறிவிப்பு இல்லை, நிறம் வெளுப்பு, 80 விழுக்காட்டுக்கு மேல் புரதம், ஒவ்வொரு மூட்டையும் ஒரே மாதிரி. விற்பவனுக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் தங்கம்.

ஆனால் வீட்டில் இதைச் சரியாகக் கையாளத் தெரியாமல் தோற்பவர்களே அதிகம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தூளாக்கும்போது பட்ட சூட்டில் புரதத்தின் ஒரு பங்கு கரையும் குணத்தை இழந்திருக்கும். நேரே வினிகரோடு போட்டு அடித்தால் நாக்கில் சுண்ணாம்புத் தூள் போல் இருக்கும். முதலில் வெறும் தண்ணீரில், புளிப்பு எதுவும் இல்லாமல், குறைந்தது அரை மணி நேரம் ஊற வேண்டும். இரவு முழுக்க பிரிட்ஜில் ஊறினால் இன்னும் நல்லது. பிறகு எண்ணெயை அடிக்க வேண்டும். படலம் முழுசாகப் போர்த்திய பிறகு, கடைசியில்தான் அமிலம். அதுவும் சொட்டுச் சொட்டாக அல்ல, ஒரே மூச்சில். 4.5 என்ற அந்தக் கெட்ட இடத்தில் நின்று வேடிக்கை பார்க்காமல் ஒரே எட்டில் தாண்டி 3.8க்குப் போய்விட வேண்டும். அந்தப் பக்கம் போனால் புரதத்துக்கு மறுபடி மின்னேற்றம் வரும், இந்த முறை நேர் மின்னேற்றம். துளிகள் மறுபடி ஒன்றையொன்று தள்ளும்.

ஒரு கிலோவுக்கு நான் எடுப்பது: எண்ணெய் 650 கிராம், தண்ணீர் 250, பட்டாணித் தூள் 25, வினிகர் 60, உப்பு 10, சிட்ரிக் அமிலம் 3, சாந்தன் கம் 2. சிட்ரிக் அமிலம் ஏன்? 25 கிராம் புரதம் வினிகரை விழுங்கிவிடும். வினிகரால் மட்டுமே 4க்குக் கீழே போகப் பார்த்தால் ஊறுகாய் ஆகிவிடும். சிட்ரிக் அமிலம் புரதத்தின் பசியை ஆற்றும், வினிகர் கிருமியைப் பார்த்துக்கொள்ளும். கிருமி விஷயத்தில் வினிகரின் அசெட்டிக் அமிலத்துக்கு இருக்கும் வலிமை எலுமிச்சைக்கு இல்லை. அதனால் முழுக்க எலுமிச்சைக்கு மாறாதீர்கள். பிஎச் காகிதத்தால் ஒவ்வொரு முறையும் சோதித்தே ஆக வேண்டும், என் அளவையும் நம்ப வேண்டாம்.

சாந்தன் கம் தோல் போர்த்துவதில்லை. நீரைத் தடிப்பாக்கி, துளிகள் மேலே மிதந்து போவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. துளியின் அளவு பாதியானால் மிதக்கும் வேகம் கால் பங்காகும். ஆகவே நல்ல பிளெண்டர் போடுவது சாந்தன் கம்மை அள்ளிப் போடுவதைவிடப் பலன் தரும். அள்ளிப் போட்டால் வழவழவென்று வெண்டைக்காய் ஆகும்.

650 கிராம் எண்ணெய் ஏன் இவ்வளவு? ஒரே அளவு உருண்டைகளை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் 74 விழுக்காட்டுக்கு மேல் இடத்தை நிரப்ப முடியாது. அந்த எல்லையை நெருங்க நெருங்கத் துளிகள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்ளும், கத்தி நிற்கும். எண்ணெயைக் குறைத்தால் மயோனைஸ் இளகும், கூட்டினால் கெட்டியாகும். “கெட்டியா இருக்கே, இன்னும் தண்ணி விடு” என்பது சரி. “தண்ணியா இருக்கே, எண்ணெய் கம்மி பண்ணு” என்பது தலைகீழ்.

மறைவுச் செலவு இங்கேதான் வரிசை கட்டி நிற்கிறது. ஜிம் கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாக்லேட், வெனிலா, இனிப்பூட்டி சேர்த்தது. சுவை சேர்க்காதது வேண்டும். தூள் பெரும்பாலும் இறக்குமதி, ராண்ட் சரிந்தால் விலை ஏறும். திறந்த பொட்டலம் டர்பன் ஈரத்தில் கட்டியாகும். பிஎச் காகிதம், கிராம் தராசு இரண்டும் வாங்க வேண்டும். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள சிலருக்குப் பட்டாணியும் ஒத்துக்கொள்ளாது. லேபிள் விதி கேட்காவிட்டாலும் ‘பட்டாணி’ என்று பெரிதாக எழுதுவதுதான் என் வழக்கம்.

விற்பவர்களுக்கு இன்னொரு செலவு, எந்தப் புரதத்தை எடுத்தாலும் உண்டு. 2018ஆம் ஆண்டின் உணவு வளாக விதிப்படி வீட்டுச் சமையலறையிலிருந்து விற்றாலும் நகராட்சியிடம் ஏற்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். ‘மயோனைஸ்’ என்ற பெயருக்கே 1990ஆம் ஆண்டின் வேளாண் பொருள் தரச் சட்டத்தின் கீழ் தனி விதி இருக்கிறது. லேபிள் அச்சடிக்கும் முன் அதைப் படித்துவிடுங்கள். ‘சாலட் கிரீம்’, ‘டிரெஸ்ஸிங்’ போன்ற பெயர்களுக்கும் அதே அலுவலகத்தில் கேட்பதே நல்லது.

## ஜூகோ கஞ்சி

யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். ஜூலுக்காரர்கள் இண்ட்லுபு என்று சொல்லும் ஜூகோ பீன்ஸ் நம் வேர்க்கடலை போல மண்ணுக்குள் காய்க்கும். ஐந்தில் ஒரு பங்கு புரதம், பாதிக்கு மேல் மாவுச்சத்து. காய்ந்ததை நான் வார்விக் சந்தைப் பக்கம் வாங்கி, வறுக்காமல் மாவாக்குவேன். 100 மி.லி. தண்ணீருக்கு 7 கிராம் மாவு போட்டுக் கூழ் காய்ச்சுவது போலக் கிளறி, கண்ணாடி போல் ஆனதும் ஆறவைத்து, எண்ணெயை அடித்தால் வெளிர் பழுப்பில் ஒரு டிரெஸ்ஸிங் வரும். புரதம் தோல் போர்த்துகிறது, வெந்த மாவு நீரைப் பிடித்துக்கொள்கிறது. கடலை மாவிலும் இதே வழி செல்லும். இரண்டையும் வேகவைக்காமல் போடவே கூடாது, பச்சை வாடையும் வயிற்று வலியும் வரும்.

எண்ணெய் 40 விழுக்காடு போதும், அதுதான் லாபம். நஷ்டமும் அதுவே. மீதி 60 விழுக்காடு நீர். கிருமி வாழ்வது எண்ணெயில் அல்ல, நீரில். பட்டாணி மயோனைஸைவிட ஏறக்குறைய இரு மடங்கு நீரைப் புளிக்கவைக்க வேண்டும். ‘எண்ணெய் குறைந்த’ எந்த டிரெஸ்ஸிங்குக்கும் இந்தக் கணக்கு உண்டு. வீட்டில் இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | கடலை நீர் | சோயாப் பால் | பட்டாணித் தூள் | ஜூகோ கஞ்சி |
|---|---|---|---|---|
| 4க்குக் கீழே இறக்க வினிகர் | கொஞ்சம் போதும் | நிறைய, நாக்கு கூசும் | நிறைய, சிட்ரிக் துணை வேண்டும் | நிறைய |
| சூடான கிழங்கில் | உடைந்துவிடும் | ஓரளவு நிற்கும் | நன்றாக நிற்கும் | நன்றாக நிற்கும் |
| பிரிட்ஜில், என் கணக்கு | 3-4 நாள் | 4-5 நாள் | சோதித்த பாட்டில் இரு வாரம் | 2 நாள் |
| சுவை | சுத்தம் | மெல்லிய பருப்பு வாடை | சரியாக ஊறாவிட்டால் மணல் | வேர்க்கடலை வாசம் |
| கட்டாய ஒவ்வாமை அறிவிப்பு | இல்லை | உண்டு | இல்லை | இல்லை |
| மறைவுச் செலவு | மிஞ்சும் கடலை, சீரின்மை | தவறான பெட்டி | தராசு, பிஎச் காகிதம், இறக்குமதி விலை | மாவாக்கும் வேலை |

பூண்டு போடுபவர்களுக்கு மட்டும் ஒன்று. பச்சைப் பூண்டை எண்ணெய்ப் பொருளில் போட்டு வெளியில் வைப்பது எந்தப் புரதத்திலும் ஆபத்து. காற்றில்லாத, புளிப்புக் குறைந்த இடத்தில் வளரும் கிருமி ஒன்று இருக்கிறது, பிஎச் 4.6க்கு மேல் அது விஷம் சுரக்கும். பூண்டை வினிகரில் ஊறவைத்துவிட்டுச் சேர்த்து, பிரிட்ஜிலேயே வையுங்கள். மின்சாரம் நான்கு மணி நேரத்துக்கு மேல் போயிருந்தால் வீட்டில் செய்ததைக் கொட்டிவிடுவது என் பழக்கம். பாட்டில் பிரிட்ஜின் உறைகலப் பக்கம் ஒட்டியிருந்தாலும் வீண். நீர் உறைந்து படலத்தை உடைத்துவிடும், இளகும்போது எண்ணெய் தனியே நிற்கும்.

## சோயா லெசித்தின் வாங்கலாமா?

வேண்டாம். தனியாக லெசித்தின் தூளை மட்டும் போட்டு மயோனைஸ் செய்யப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது எண்ணெயை அதிகம் விரும்பும் பொருள். எண்ணெய்க்குள் நீரைப் பிடித்துவைப்பதில்தான் அதற்கு விருப்பம், நமக்கு வேண்டியது அதன் எதிர்ப்பக்கம். சாக்லேட்டுக்கு வாங்குங்கள்.

## ஃபீனிக்ஸ் தங்கைக்குச் சொன்னது

மாமியார் வீட்டுக்குக் கடலைத் தண்ணீரே போதும். ஆனால் சாலட்டை அங்கே போய்க் கலக்க வேண்டும். உருளைக்கிழங்கு கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். கிண்ணம் ஐஸ் பெட்டியில் போக வேண்டும். கோல்ஸ்லாவ் என்றால் முட்டைக்கோஸை முதலில் உப்புப் போட்டுப் பிழிந்துவிடச் சொன்னேன், பாதிப் பேருக்கு மயோனைஸ் நீர் விட்டது என்று தோன்றுவது உண்மையில் கோஸ் விட்ட நீர்தான்.

நாளைக்கே நாற்பது பேருக்கு வேண்டும், கையில் ஒன்றும் இல்லை என்றால் சோயாப் பால். மேசையில் ‘சோயா உண்டு’ என்று ஒரு அட்டை.

பாட்டில் வியாபாரத்துக்குப் பட்டாணித் தூள்தான். அதற்கும் நேரே இருபது பாட்டில் போட வேண்டாம் என்றேன். மூன்று போடு. ஒன்று பிரிட்ஜ் கதவில், ஒன்று உள்ளே, ஒன்றைத் தினமும் வெளியே எடுத்து ஒரு மணி நேரம் மேசையில் வைத்துத் திரும்ப உள்ளே வை, வாங்குகிறவர் வீட்டில் அதுதான் நடக்கும். முதல் நாள் பிஎச் எழுதிவை, பதினான்காம் நாள் திரும்பப் பார்.

“மூணாவது பாட்டிலை யார் சாப்பிடுறது அண்ணா?” என்றாள். யாரும் சாப்பிட வேண்டாம், அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கொட்டு என்றேன். எண்ணெய் மூடியில் வழிந்தால் பிளெண்டரை மாற்ற வேண்டும், அடியில் நீர் தெரிந்தால் ஊறவைக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும்.